சொட்டு மார்த்தாவும் மாப்பிள்ளையின் வலது கண்ணும்

மார்த்தாவுக்கு முகங்கள் நினைவில் நிற்காது, கண்கள் நிற்கும். பாசாரில் எதிரே வந்து யாராவது, "என்னக்கா, என்னைத் தெரியலையா?" என்று கேட்டால், ஓர் அடி முன்னே போய் அவர்கள் கண்ணுக்குள் எட்டிப் பார்ப்பாள். "தெரியாம என்ன? இடது கண்ணு, புரை, ஜன்னலோரக் கட்டில். சோறு குழைஞ்சு போச்சுன்னு தினம் சண்டை போட்ட ஆளாச்சே! பேருதான் வரலை" என்பாள். பேரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் மாட்டாள். அடுத்த தடவையும் கண்ணுக்குள்தான் எட்டிப் பார்ப்பாள்.

புருஷன் பெஞ்சமின் துறைமுகக் கிடங்கில் மூட்டை எண்ணும் கிராணியாக இருந்தவர். காய்ச்சலில் போனபோது மார்த்தாவுக்கு இருபத்தெட்டு வயது. அழுது முடித்த மறு வாரமே ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் ஆயாவாகச் சேர்ந்துவிட்டாள். கண் வார்டில் ஒருநாள், விரல் நடுங்கிய நர்ஸ் ஒருத்திக்குப் பதிலாக இவள் சொட்டு மருந்து விட்டாள். இமை முடியில் படாமல், நோயாளி சிமிட்டுவதற்குள், ஒரே ஒரு துளி. அன்றிலிருந்து துடைப்பம் போய் சொட்டுக் குழாய் வந்தது. பன்னிரண்டு வருஷமாக அவள் 'சொட்டு மார்த்தா'. "மேலே பாருங்க, அங்கே பல்லி இருக்கு பாருங்க" என்பாள். கூரையில் பல்லி இருந்ததோ இல்லையோ, எல்லோரும் தேடுவார்கள். தேடி முடிப்பதற்குள் துளி உள்ளே போயிருக்கும்.

அவள் கையில் இரண்டு குப்பிகள்தான். ஒன்று கண்மணியை அகலத் திறக்கும் மருந்து. டாக்டர் கண்ணின் உள்ளே பார்க்க வேண்டுமென்றால் அதை விடுவாள். மற்றொன்று கண்மணியைச் சுருக்கும் மருந்து. முதலாவதை டாக்டர்கள் அட்ரோப்பீன் என்றார்கள், இரண்டாவதைப் பைலோகார்ப்பீன் என்றார்கள். மார்த்தாவுக்கு அவை விரிப்பானும் சுருக்கானும்.

ஒரு மழை மதியத்தில் வார்டு இருண்டு கிடந்தபோது, சுருக்கான் விட வேண்டிய கிழத் தச்சர் ஒருவருக்கு அவள் விரிப்பானை விட்டுவிட்டாள். கண்ணுக்குள் நீர் இறுகும் வியாதி அவருக்கு. ஒரு மணி நேரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். மார்த்தா ஓடிப்போய் டாக்டரிடம், "நான்தான் மாத்தி விட்டேன்" என்றாள். மூச்சு விடாமல் சொன்னாள். எங்கே மூச்சு விட்டால் பொய் வந்துவிடுமோ என்ற பயம். டாக்டர் திட்டக்கூட நேரமில்லாமல் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை சுருக்கானை விட வைத்துக் கண்ணைக் காப்பாற்றினார். அன்று மாலை விரிப்பான் குப்பியின் கழுத்தில் ஒரு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டாள் மார்த்தா. இருட்டானாலும் இனி விரலுக்குத் தெரியும். அதற்கப்புறம் தனக்கு நிச்சயமாகத் தெரியாத எதையும் அவள் வாய் திறந்து சொன்னதில்லை.

ஆனால் தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும் அடங்கவில்லை. 1925இல், சீமைக்கு லீவில் போய் வந்த டாக்டர், டிரஸ்ஸர்களை நிற்க வைத்துப் பாடம் சொன்னார். மார்த்தா தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

நம்மைக் கேட்காமலே வேலை பார்க்கிற நரம்புகள் உடம்புக்குள்ளே இரண்டு கூட்டம் உண்டு என்றார் அவர். ஒரு கூட்டம் ஆபத்துக்கு. நாய் துரத்தினால் நெஞ்சைப் படபடவென்று ஓட்டுவது, வாயைக் காய வைப்பது, வயிற்று வேலையை நிறுத்துவது, கண்மணியை அகலமாக்குவது எல்லாம் அது. இன்னொரு கூட்டம் அமைதிக்கு. சாப்பிட்டு உட்கார்ந்தால் எச்சில் ஊறுவதும், குடல் அசைவதும், நெஞ்சு நிதானப்படுவதும், கண்மணி சுருங்குவதும் அதனால். ஒரே மாட்டு வண்டிக்கு இரண்டு கயிறு மாதிரி, எந்நேரமும் இரண்டும் இழுத்துக்கொண்டேதான் இருக்கின்றன.

அதன் பிறகு சொன்னதுதான் மார்த்தாவைத் தூக்கிவாரிப் போட்டது. சீமையில் ஒருவர் தவளையின் இதயத்தை எடுத்து உப்புத் தண்ணீரில் துடிக்க விட்டு, அமைதி நரம்பைத் தூண்டினாராம், துடிப்பு மெதுவானது. அந்தத் தண்ணீரை எடுத்து வேறொரு தவளையின் இதயத்தில் விட்டாராம். அதுவும் மெதுவானது! நரம்பு தொடவே இல்லை, தண்ணீர்தான் தொட்டது. அப்படியானால் நரம்பின் முனை ஏதோ ஒரு சாற்றைத் துளியாக விடுகிறது. சுருக்கான் அந்தத் துளியைப் போல வேஷம் போட்டு வேலை செய்கிறது. விரிப்பானோ அந்தத் துளி போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டு அதை உள்ளே விடாமல் தடுக்கிறது.

மார்த்தா தட்டிலிருந்த தன் குப்பிகளைப் பார்த்தாள். நரம்பும் சொட்டு விடுகிற ஆள்தானா! தனக்குள்ளேயே ஆயிரம் மார்த்தாக்கள், குப்பியும் கையுமாக, இரவு பகல் பாராமல் நிற்கிறார்களா!

பினாங்கின் டத்தோ கிராமாட்டில் அவள் வீட்டுக்கும் நூர் முகம்மது வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், ஒரே கிணறு. நூர் முகம்மது சோற்றுக்கடை வைத்திருப்பவர். அவர் மனைவி ஹபீபா பீவியிடம் மார்த்தா அன்று ஓட்டமாய் ஓடிப்போய் இதைச் சொன்னாள்.

"தவளை நெஞ்சா? அல்லாவே!" என்றாள் மீன் அறுத்துக்கொண்டிருந்த ஹபீபா பீவி. "இன்னைக்கு இந்த மீனை நான் தின்ன மாதிரிதான். போடி அந்தாண்டே!"

அடுத்த வருஷம் அதே வீட்டில் கல்யாணம் வந்தது. ஹபீபா பீவியின் மகன் கமாலுதீனுக்கும், மறு தெருவில் இருந்த நோர்மாவுக்கும். கமாலுதீன் இரண்டு வருஷம் ரங்கூனில் கப்பல் ஆபீஸில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். நோர்மாவுக்குத் தகப்பன் இல்லை. தாய்மாமன் அப்துல் ரசாக்தான் வளர்த்தார். ரசாக் டவுனில் ஒரு மருந்துக் கடையில் கம்பவுண்டர்.

ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணிக்குப் பெண் வீட்டில் நிக்காஹ். நிக்காஹ் எழுதும் காதிக்கு மத்தியானம் பாயான் லெப்பாஸ் பக்கம் இன்னொரு நிக்காஹ் இருந்ததால் நேரம் தவறக்கூடாது. மார்த்தா முதல் பூசை பார்த்துவிட்டு, கோயில் சேலையோடே மாப்பிள்ளை வீட்டுக் கொல்லைப்புறமாக நுழைந்தாள். கிணற்றடியில் நூர் முகம்மது சாய்வு நாற்காலியில் மூச்சிழுப்போடு உட்கார்ந்து, கையால் சுருட்டிய ரொக்கோ ஒன்றைப் புகைத்துக்கொண்டிருந்தார். மூன்று அடுப்பில் பிரியாணி தம்மில் இருந்தது. கமாலுதீனின் தங்கை ரோஹானா பூச்சரத்தை வாயில் கவ்விக்கொண்டு நாலு பேரை ஏவிக்கொண்டிருந்தாள்.

எட்டரைக்குப் பெண் வீட்டார் மாப்பிள்ளையை அழைக்க வந்தார்கள். அப்துல் ரசாக் முன்னால் வந்து, பன்னீர் தெளித்து, மாப்பிள்ளையின் கழுத்தில் மாலை போடக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். மாலை அந்தரத்தில் நின்றது.

"வெளிச்சத்துக்கு வா தம்பி" என்றார்.

கமாலுதீன் வாசலுக்கு வந்தான். இரண்டு கண்ணிலும் அழகாகச் சுர்மா தீட்டியிருந்தது. இடது கண்மணி வெயிலுக்குச் சின்னதாகச் சுருங்கியது. வலது கண்மணி சுருங்கவில்லை. கண்ணின் பழுப்பு நிறமே தெரியாதபடி, கறுப்புப் பொத்தான் போல விரிந்து கிடந்தது.

ரசாக் மாலையை மடித்துத் தட்டில் வைத்தார்.

"ரங்கூன்ல எங்கே தங்கியிருந்தே?"

"ஆபீஸ் மாடியில மாமு. ஏன்?"

"ரெண்டு கண்மணியும் ஒண்ணுக்கொண்ணு சமமா இல்லேன்னா அது எந்த நோயோட அடையாளம்னு நான் டாக்டர்கிட்டே எத்தனை தடவை கேட்டிருக்கேன் தெரியுமா? கப்பல்காரங்க கெட்ட வீடுகள்லேர்ந்து வாங்கிட்டு வர்ற நோய். நரம்பைத் தின்கிற நோய்." அவர் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "என் தங்கச்சி மகளை நான் அதுக்குள்ளே தள்ள மாட்டேன். டாக்டர் சர்டிபிகேட் வரட்டும். இன்னைக்கு நிக்காஹ் இல்லை."

"மாமு! அல்லா மேல ஆணையா..."

"பாரு, வாய் காய்ஞ்சு போச்சு. நாக்கு ஒட்டுது. நெஞ்சு சட்டைக்கு மேலேயே துள்ளுது. குத்தம் இல்லேன்னா ஏன் துள்ளணும்?"

வீடு ஒரேயடியாகக் கத்தியது. ஹபீபா பீவி மார்பில் அடித்துக்கொண்டு வந்தாள். வாசலில் நின்ற மேளக்காரர்கள் கொட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு கொட்டு கொட்டி நிறுத்தினார்கள். அந்தக் கூட்டம் கலைந்தால் கல்யாணம் மட்டும் போகாது. அந்த நோயின் பேர் கமாலுதீன் மேல் ஒட்டினால் பினாங்கில் அவனுக்கு வேறு பெண்ணும் கிடையாது, தலை நிமிர்ந்து நடக்கத் தெருவும் கிடையாது. எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

மார்த்தா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கமாலுதீனின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். வெயிலைக் காட்டினாள், கையால் மறைத்தாள், மறுபடி காட்டினாள். இமையைப் பார்த்தாள்; தொங்கவில்லை. விரலை இடமும் வலமும் ஓட்டினாள். கண் கூடவே ஓடியது. வார்டில் அவள் பார்த்த, நரம்பு கெட்ட கண்கள் இப்படி ஓடியதில்லை.

"ரசாக் அண்ணே, உங்க நாக்கைக் கொஞ்சம் நீட்டுங்க."

"என்னது?"

"நீட்டுங்கண்ணே. கண்ணைப் பார்க்கிறவளுக்கு நாக்கும் தெரியும்."

அவர் ஏனென்று தெரியாமலே நீட்டிவிட்டார். மணல் மாதிரி காய்ந்திருந்தது.

"உங்களுக்கும் காய்ஞ்சிருக்கே! நீங்க எந்த ரங்கூனுக்குப் போனீங்க?" என்றாள் மார்த்தா. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "பயந்தா எல்லா வாயும் காயும், எல்லா நெஞ்சும் துள்ளும். கண்மணிகூட விரியும். ஆனா பயம் வந்தா ரெண்டு கண்ணுக்கும்தான் வரும். ஒரு கண்ணுக்கு மட்டும் பயப்படத் தெரியாது. இது வேற."

"வார்டு கூட்டுற ஆயா எனக்கு வைத்தியம் சொல்லித் தர்றியா?"

"நான் சொன்னா நம்பாதீங்க. உங்க கடை மருந்தை நம்புவீங்கதானே? பைலோகார்ப்பீன் இருக்கா கடையில?"

ரசாக் முகத்தில் முதல் தடவையாகக் கம்பவுண்டர் தெரிந்தார். "இருக்கு. தோட்டத்துத் துரைமாருக்கு முடி வளர்ற தைலத்துல போடுறோம்."

"முடி வளர்ற தைலமா?" என்றாள் ரோஹானா, அவருடைய பளபளக்கும் தலையைப் பார்த்து. "அப்போ மாமு ஏன்..." ஹபீபா பீவி அந்த அழுகையிலும் மகளின் தொடையைக் கிள்ளினாள்.

மார்த்தா ரசாக்கை ஓரமாக அழைத்தாள். "நீங்களே போய், நீங்களே நூத்துக்கு ஒண்ணு கணக்குல கொதிச்சு ஆறின தண்ணியில கரைச்சு எடுத்துட்டு வாங்க. நீங்களே ரெண்டு கண்ணுலயும் விடுங்க. நான் கையால தொட மாட்டேன். இப்பவே சொல்லிடுறேன், அப்புறம் மாத்திப் பேச மாட்டேன். நரம்பு செத்துப்போய்க் கண்மணி விரிஞ்சிருந்தா, உள்ளே இருக்கிற தசை நரம்போட துளி வராதான்னு பட்டினியா காத்துக்கிட்டிருக்கும். உங்க மருந்து அந்தத் துளி மாதிரியே இருக்கும். பட்டதும் அந்தக் கண்ணும் சுருங்கிடும். ஆனா வேற ஏதோ மருந்து போய்த் தசையில உட்கார்ந்திருந்தா, நீங்க என்ன விட்டாலும் அந்தக் கண்ணு அசையாது. நல்ல கண்ணு மட்டும்தான் சுருங்கும்."

"ரெண்டும் சுருங்கினா?"

"சுருங்கினா கோளாறு நரம்புல. நிக்காஹ் நிக்கட்டும். டாக்டர் வர்ற வரைக்கும் நானும் உங்க பக்கம்தான் நிப்பேன்."

இதைக் கேட்டுவிட்ட ஹபீபா பீவி அலறினாள். "அடிப்பாவி! என் கிணத்துத் தண்ணியைக் குடிச்சுட்டு நீ எந்தப் பக்கம் டீ?"

"கண்ணு பக்கம்" என்றாள் மார்த்தா. சொல்லும்போது அவள் தொண்டையும் காய்ந்துதான் இருந்தது. இந்தப் பரீட்சையை டாக்டர் செய்து அவள் இரண்டு தடவை பார்த்திருக்கிறாள். மூளையில் கட்டி வந்து நரம்பு நசுங்கின பெண் ஒருத்திக்குக் கண்மணி உடனே சுருங்கியது. முதுகில், விரிப்பான் எடுக்கிற பெல்லடோனாவின் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு அதே கையால் கண்ணைத் தேய்த்த ஒரு கிராணிக்கு அசையவே இல்லை. இரண்டே தடவை! கிழத் தச்சர் தலையைப் பிடித்துக்கொண்டது அவள் கண் முன்னே வந்தது.

ரசாக் ரிக்ஷாவில் ஏறினார். போனவர் வருவதற்குள் மார்த்தா கமாலுதீனைத் துருவினாள்.

"கண்ணுல ஏதாவது மருந்து விட்டியா?"

"இல்லைக்கா."

"தலைவலின்னு பிளாஸ்திரி? தைலம்?"

"சத்தியமா எந்த மருந்தையும் நான் தொடவே இல்லைக்கா!"

வீட்டில் யாரும் எந்த மருந்தையும் தொடவில்லை. எல்லோரும் சத்தியம் பண்ணினார்கள். மருந்தே இல்லையென்றால் பிறகு என்ன? நரம்பா?

ரிக்ஷாக்காரர் வியர்க்க வியர்க்க ஓடிவந்து இறக்கியபோது மணி ஒன்பதே கால். ரசாக்கின் கையில் சின்னக் குப்பி; சொட்டுக் குழாயைக்கூடக் கொதிக்க வைத்துக் கொண்டுவந்திருந்தார். அதைப் பார்த்ததும் மார்த்தாவுக்கு அவர் மேல் ஒரு மரியாதை வந்தது. அவர் குப்பியைத் திறந்தார்.

"மேலே பார் கமாலு, பல்லியைப் பாரு" என்றாள் மார்த்தா. அவன் தேடினான். வலதில் ஒரு துளி, இடதில் ஒரு துளி.

அப்புறம் காத்திருப்பு. கல்யாண வீடு முழுக்க ஒரு மனிதனின் இரண்டு கண்களைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. வெற்றிலைத் தட்டு தானாகச் சுற்றி வந்தது. பாக்கை மென்று மென்று வாய்கள் ஊறின. பாக்கும் சுருக்கானின் சொந்தக்காரன்தான், எச்சிலை ஊற வைத்து உடம்பை வேர்க்க வைப்பதில் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று மார்த்தா வேறு நாளாயிருந்தால் ஒரு பாடமே எடுத்திருப்பாள். இன்று வாயை மூடிக்கொண்டு பார்த்தாள்.

பத்து நிமிஷம். ஒன்றுமில்லை.

பதினைந்து. "புருவம் வலிக்குதுக்கா" என்றான் கமாலுதீன்.

"எந்தப் புருவம்?"

"இடது."

மருந்து பிடித்த கண்ணுக்குத்தான் புருவம் வலிக்கும்.

இருபது. இடது கண்மணி மிளகளவு ஆனது. பிறகு கடுகளவு. வலது அப்படியே, அமாவாசை வானம் போல.

"யா அல்லா, இன்னும் மோசமாயிடுச்சே!" என்று ஒரு பெண் கத்தினாள். "முன்னே கொஞ்சம்தானே வித்தியாசம்! இப்போ ஒண்ணு கடுகு, ஒண்ணு கல்லு!" ஹபீபா பீவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேளக்காரரில் ஒருவர் மெல்ல மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தார்.

மார்த்தா ரசாக்கைப் பார்த்தாள். அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை. கடிகாரத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வலது கண்ணையே பார்த்தார்.

"இன்னும் பத்து நிமிஷம் பொறுங்க" என்றார்.

அந்தப் பத்து நிமிஷமும் பொறுத்தார்கள். வலது கண்மணி ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

ரசாக் கடிகாரத்தை மூடினார். "நரம்பு இல்லை" என்றார். சத்தமாகச் சொன்னார், தெருவுக்கும் கேட்கும்படி. "நரம்புல கோளாறு இருந்தா என் மருந்துக்கு இது சுருங்கியிருக்கணும். ஏதோ போய் அடைச்சுக்கிட்டிருக்கு."

"அடைக்கிறதுன்னா?" என்றாள் ரோஹானா.

மார்த்தாவுக்கு இப்போது வாய் திறந்துகொண்டது. "ஒரு சஹன் தட்டைச் சுத்தி நாலு பேருதானே உட்கார முடியும்? நாலு பேரும் உட்கார்ந்தாச்சு. அஞ்சாவதா பெரிய இடத்து விருந்தாளி வந்தாலும் நின்னுக்கிட்டுதானே இருக்கணும்? அவனோட கண்ணுல அப்படித்தான் யாரோ முன்னாடியே வந்து உட்கார்ந்திருக்கான். நரம்போட துளியும் நிக்குது, மாமு விட்ட துளியும் நிக்குது. உட்கார்ந்தவன் எழுந்து போற வரைக்கும் நிக்க வேண்டியதுதான்."

"சரி, உட்கார்ந்தவன் யாரு?" என்றார் ரசாக். விடுகிற ஆள் இல்லை அவர். "மருந்துன்னே வச்சுக்குவோம். எந்த மருந்து? எதுக்கு இவன் போட்டுக்கிட்டான்? அது தெரியாம நான் எப்படிப் பொண்ணைக் கொடுப்பேன்?"

கேள்வி நியாயமானது. மார்த்தா கமாலுதீனின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மருந்தை விடு. காலையில எழுந்ததிலேர்ந்து உன் கை என்னென்ன செஞ்சுச்சு? ஒண்ணுவிடாம சொல்லு."

"எழுந்தேன். ஒளு எடுத்துத் தொழுதேன். பசியாறினேன். வாப்பாவுக்கு இழுப்பு ஜாஸ்தியா இருந்துச்சு, அடுப்புப் புகை வேற. அவருக்கு ரொக்கோ சுருட்டிக் கொடுத்தேன். அப்புறம் ரோஹானா சுர்மா போட வந்தா..."

"எரியுதுன்னு கத்தினியே!" என்றாள் ரோஹானா. "வலது கண்ணுல வச்சதும் தண்ணியா கொட்டுச்சு. நீ கசக்கு கசக்குன்னு கசக்கி, நான் மறுபடியும் போட வேண்டியதாச்சு. இடது கண்ணுக்கு நானே இமையைப் பிடிச்சுக்கிட்டேன்."

"கை கழுவிட்டுக் கசக்கினியா?"

"எதுக்குக் கழுவணும்? ரொக்கோதானே சுருட்டினேன்."

மார்த்தா அவனுடைய வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். ஆள்காட்டி விரல் நகத்துக்குள் பச்சையாகத் தூள். மோந்து பார்த்தாள். புகையிலை வாசமே இல்லை. எழுந்து கொல்லைக்கு ஓடினாள். ரசாக் பின்னால் ஓடினார். கல்யாண வீடு அவர்களுக்குப் பின்னால் ஓடியது.

நூர் முகம்மது சாய்வு நாற்காலியில் இன்னும் புகைத்துக்கொண்டிருந்தார். மடியில் ஒரு பிஸ்கட் தகரம்.

"நூர் முகம்மது நானா, அதுல என்ன?"

"என்னோட ரொக்கோ இலைம்மா" என்றார் அவர், இவ்வளவு பேரைப் பார்த்துத் திகைத்து. "கிணத்தடியில முளைக்குதே, அந்த ஊமத்தை. காய வச்சுச் சுருட்டி இழுத்தா நெஞ்சு திறக்குது. பத்து வருஷமா இழுக்கிறேன். மருந்தெல்லாம் ஒண்ணுமில்லையே."

ரசாக் தகரத்துக்குள் கையை விடப் போனார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். அவர் முகம் சிவந்து, பிறகு சிரிப்பாக மாறியது. அடக்க முடியாத சிரிப்பு.

"இதைத்தான் நானே இழுப்புக்காரங்களுக்குப் பொடி பண்ணி டப்பாவுல விக்கிறேன்! நெஞ்சுல இருக்கிற சின்னக் குழாயை இறுக்குறதும் அந்த அமைதி நரம்புதான். ஊமத்தை போய் அதோட இடத்துல உட்கார்ந்ததும் குழாய் திறந்துக்குது. அதேதான் கண்ணுலயும் போய் உட்கார்ந்திருக்கு!" தலையில் அடித்துக்கொண்டார். "விக்கிற எனக்கே தோணலையே!"

"அட, என்னோட ரொக்கோவாலயா?" என்று நூர் முகம்மது எழுந்திருக்கப் பார்த்து, இருமி, மறுபடி உட்கார்ந்தார். "மருந்தைத் தொட்டியான்னுதானேம்மா கேட்டுக்கிட்டிருந்தீங்க! ரொக்கோவைப் பத்தி யாரும் கேக்கலையே!"

ஹபீபா பீவி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அந்தத் தகரத்தைப் பிடுங்கிக் கிணற்றுக்குள் எறியக் கையை ஓங்கினாள். "கிணத்துல போடாதீங்க!" என்று மார்த்தாவும் ரசாக்கும் ஒரே குரலில் கத்தினார்கள்.

மணி பத்தரை. ரசாக் மடித்து வைத்த மாலையை எடுத்து உதறினார். கமாலுதீனின் கழுத்தில் போட்டார். அவன் இரண்டு தோளையும் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார், அவ்வளவுதான். பிறகு மார்த்தாவின் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, இதுவே உன் தம்பி மகளா இருந்தா, நீயும் நிறுத்தியிருப்பேதானே?"

"நிறுத்தியிருப்பேன்ணே" என்றாள் மார்த்தா. "ஆனா அந்த நோயை வாசல்ல வச்சுச் சொல்லியிருக்க மாட்டேன்."

ரசாக் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார். அடுத்த நிமிஷம் தெருவுக்குப் போய், மேளக்காரர்களைப் பார்த்து, "என்ன லா பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? கொட்டுங்க!" என்று கத்தினார். கொட்டினார்கள். கிளம்பப் பார்த்தவர்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கொட்டினார். ஊர்வலம் ஓடாத குறையாகப் போனது. வலது கண்ணில் வெயில் கூச, இடது கண்ணில் உலகம் இருண்டு தெரிய, கமாலுதீன் ரசாக்கின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். காதியின் புத்தகத்தில் எழுத்து தெரியாமல், ரசாக் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். பதினொன்றே காலுக்கு நிக்காஹ் முடிந்தது.

சாப்பாட்டுக்கு, பெண்கள் பக்கத்தில் ஹபீபா பீவி ஒரு சஹனின் முன்னால் தன் அருகே இடம் பிடித்து வைத்துக்கொண்டு, "வாடி, வேற யாரும் வந்து உட்காருறதுக்குள்ளே உட்காரு!" என்று மார்த்தாவை இழுத்து உட்கார வைத்தாள். சோற்றைப் பிசையும்போது மெதுவாகக் கேட்டாள்.

"ரெண்டும் சுருங்கியிருந்தா, நெசமாவே அந்தாளு பக்கம் போயிருப்பியா?"

"போயிருப்பேன்."

ஹபீபா பீவி சஹனின் நடுவிலிருந்த நல்ல கறித்துண்டாக ஒன்றை மார்த்தாவின் பக்கம் தள்ளினாள்.

மாப்பிள்ளையைப் பெண்ணிடம் அழைத்துப் போனபோது மார்த்தாவும் கூடப் போனாள். நோர்மாவுக்கு நடந்ததெல்லாம் தெரிந்திருந்தது. பெண் வீட்டுக்குச் சேதி காதிக்கும் முன்னாலேயே வந்துவிட்டிருந்தது. முகத்திரையை விலக்கியதும் அவள் வெட்கப்படவில்லை. அவனுடைய கண்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"எந்தக் கண்ணுல நான் நல்லா தெரியுறேன்?"

"வலதுல பார்த்தா ஒரேயடியா வெளிச்சம் கூசி மங்கலாயிருக்கு. இடதுல பார்த்தா சாயங்காலம் மாதிரி இருக்கு."

"அப்போ ரெண்டும் சமமானப்புறம் பார்த்துக்குங்க" என்றாள் அவள், திரையை இழுத்துவிட்டபடி. அறை முழுக்கச் சிரித்தது.

"இடது நாளைக்கே சரியாயிடும். வலது மூணு நாலு நாள் ஆகும்" என்றாள் மார்த்தா, டாக்டர் மாதிரி.

அடுத்த வாரத்திலிருந்து ரசாக் தன் கடையில் இழுப்புப் பொடி டப்பா ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிவப்புக் காகிதம் ஒட்டினார். தமிழிலும் மலாயிலும் தன் கையாலேயே எழுதினார்: தொட்டால் கை கழுவவும்.

ஆனால் அதற்கு முன்பே, நாலாம் நாள் காலையில், மார்த்தா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கொல்லைக் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. திறந்தால், தலையில் துணி நழுவ, மூச்சு வாங்க ஒரு சின்னப்பெண்.

"சமமாயிடுச்சுக்கா! வெயில்ல நிக்க வச்சுப் பார்த்தேன், ரெண்டும் ஒண்ணா சுருங்குது! ஒண்ணா!"

மார்த்தாவுக்கு யாரென்று பிடிபடவில்லை. ஓர் அடி முன்னே போய், அந்தக் கண்ணுக்குள் எட்டிப் பார்த்தாள். சந்தோஷத்தில் இரண்டு கண்மணியும் அகல விரிந்திருந்தன, இரண்டும் ஒரே அளவில்.

"ஓ, நீயா!" என்றாள். "பேரு என்னம்மா சொன்னே?"